நாரி நோவும் நாம் சொல்லாமல் விடுபவையும்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே நாரி நோ ஒரு நோயாகவே கணக்கில் எடுக்கப்படுவதில்லை. உழைப்புக்குக் கிடைக்கும் கூலியோடு கூடவரும் ஒன்றாகவே அதனை நாம் ஏற்றுக்கொண்டுவிட்டோம். உணவகங்களின் பின்கட்டில் நள்ளிரவுவரை கோப்பை கழுவியவர்கள், விடியுமுன் அலுவலகங்களைத் துப்புரவு செய்தவர்கள், வட நோர்வேயின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளில் ஈரத்தில் நின்றே நாளைக் கழித்தவர்கள் என 1980களிலும் 1990களிலும் இந்நாடுகளுக்கு வந்து சேர்ந்த தலைமுறையினர் இன்று ஐம்பது, அறுபது வயதைக் கடந்துகொண்டிருக்கின்றனர். அவர்களது வீட்டு அலுமாரிகளில் கோடாலித் தைலப் போத்தலும் பனடோல் பெட்டியும் இல்லாதவை அரிது. "வேலைக் களைப்பு", "குளிர் பிடித்துவிட்டது", "வயது போகிறதுதானே" என்ற மூன்று சொற்றொடர்களுக்குள் எல்லா நோவையும் அடக்கிவிடுவது எமது வழக்கமாகிவிட்டது.

இவ்விளக்கங்கள் பல வேளைகளில் சரியாகவும் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61 கோடியே 90 இலட்சம் மக்கள் கீழ்முதுகு நோவினால் அவதியுற்றனர். இத்தகைய நோவுகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 90, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டக்கூடிய காரணம் அற்றவை. அவற்றுட் பல, உடலை அசைத்து நடமாடுவதால் சில வாரங்களில் தணிந்துவிடுபவை. ஆகவே நாரி நோ உள்ள எல்லோரையும் பயமுறுத்துவது எமது நோக்கமன்று.

நாம் இங்கு பேச விரும்புவது வேறொரு சாராரைப் பற்றியாகும். எக்ஸ்றே படம் சுத்தமாக இருக்கும். ஸ்கானிலும் ஒன்றும் தெரியாது. உடற்பயிற்சிச் சிகிச்சைக்கும் போய் வந்திருப்பார்கள். ஆயினும் மாதக்கணக்கில் நாரியும் தோளும் தொடையும் உளைந்துகொண்டேயிருக்கும். காலையில் எழும்பும்போது உடம்பு மரக்கட்டையாய் விறைத்திருக்கும். "ஒன்றுமில்லை" என்று வைத்தியர் சொல்லி அனுப்பியபின், "ஒன்றுமில்லாததற்கு ஏன் இவ்வளவு முனகல்?" என்று வீட்டிலுள்ளவர்களும் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இப்படிப்பட்டோரிற் சிலருக்கு உண்மையான காரணம் முதுகில் இருப்பதில்லை, கழுத்தில் இருக்கிறது.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்திருப்பது தைரொயிட் சுரப்பி. தமிழில் இதனைக் கேடயச் சுரப்பி என்று எழுதுவதும் உண்டு. இது சுரக்கும் தைரொக்சின் என்ற ஓமோன், உடலின் ஒவ்வொரு கலமும் எந்த வேகத்தில் வேலைசெய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது. சுரப்பு குறைந்தால் அடுப்பின் திரியைத் தணித்ததுபோல் உடல் முழுவதும் மந்தமாகிவிடும். தசைகள் தமக்கு வேண்டிய சக்தியைப் போதியளவு பெறமாட்டா. சுருங்கிய தசை மீண்டும் தளர்வதற்கு வழமையைவிட அதிக நேரம் எடுக்கும். இழையங்களில் நீர் தேங்கி இறுக்கம் உண்டாகும். இதனால் தசைநோவும் பிடிப்பும் விறைப்பும் ஏற்படுகின்றன. குறிப்பாகத் தோள், இடுப்பு, தொடை ஆகிய பெருந்தசைகளில் பலவீனம் தோன்றும். படியேறவும், கதிரையிலிருந்து எழும்பவும், கையை உயர்த்தித் தலைவாரவும் சிரமமாயிருக்கும். கைவிரல்கள் இரவில் விறைப்பதும் உண்டு. ஜேர்மனிய வைத்தியரான யோகான் ஹொஃப்மன் 1897ஆம் ஆண்டிலேயே தைரொயிட் குறைபாட்டினால் வரும் தசை விறைப்பைப் பற்றி எழுதியிருக்கின்றார். இன்றும் அவ்வகை நோய் அவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றது.

ஆயினும் ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். தைரொயிட் குறைபாடு நாரியை மாத்திரம் பிடித்துக்கொண்டு வருவது அரிது. அது கூட்டாளிகளோடுதான் வரும். மற்றவர்கள் சாதாரணமாக இருக்கும் அறையில் ஒருவருக்கு மட்டும் குளிர் தாங்காமை, எட்டு மணிநேரம் உறங்கியும் தீராத சோர்வு, சாப்பாடு கூடாமலே கூடும் எடை, மலச்சிக்கல், வறண்ட தோல், முடி கொட்டுதல், முகம் உப்புதல், குரல் கம்முதல், மறதி, மனச்சோர்வு, பெண்களுக்கு மாதவிடாயில் அதிகப் பெருக்கு, குருதியில் உயர்ந்த கொலஸ்ரோல். இவை எல்லாம் ஒருவரிடத்தில் இருக்கவேண்டும் என்பதில்லை. ஆனால் காரணம் தெரியாத நாரி நோவோடு இவற்றில் மூன்று நான்கு சேர்ந்திருக்குமானால், தைரொயிட் சுரப்பியைச் சோதித்துப் பார்க்க அதுவே போதிய காரணமாகும்.

இந்த இடத்திலேதான் எமது சமூகம் தவறவிடுகின்றது என்பது எமது கருத்து. வைத்தியரிடம் போனால் நாம் நாரியைப் பற்றி மட்டுமே சொல்லுகிறோம். மிகுதியை விழுங்கிவிடுகிறோம். குளிர் தாங்கவில்லை என்பதைச் சொல்வதில்லை. இந்த நாட்டில் யாருக்குத்தான் குளிரில்லை என்று நினைக்கிறோம். சோர்வைச் சொல்வதில்லை, இரண்டு வேலை செய்தால் சோராமல் என்ன செய்யும் என்று நினைக்கிறோம். மலச்சிக்கலையும் மாதவிடாயையும் சொல்ல வெட்கப்படுகிறோம். மனச்சோர்வைச் சொல்லப் பயப்படுகிறோம். பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்ற அச்சம். பத்து நிமிடச் சந்திப்பில் வைத்தியரின் முன் எஞ்சுவது ஒரு முதுகு மட்டுமே. அவரும் அந்த முதுகுக்கே மருந்து எழுதி அனுப்புகின்றார். துப்புகள் எல்லாம் எமது வாய்க்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

இதற்கு மேலும் ஒரு தடை உண்டு. எத்தனையோ குடும்பங்களில் மொழிபெயர்ப்பாளராகச் செல்வது பத்து அல்லது பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பாடசாலைக்கு அரைநாள் லீவு எடுத்துக்கொண்டு, தாய்க்கும் வைத்தியருக்கும் நடுவில் அந்தப் பிள்ளை அமர்ந்திருக்கும். தன் மகனின் வாயால் மாதவிடாயைப் பற்றிச் சொல்ல எந்தத் தாய்க்கு மனம் வரும்? "உளைவு", "கடுப்பு", "குத்து", "விறைப்பு" ஆகியவற்றுக்கிடையிலான வேறுபாட்டை அந்நிய மொழியில் எடுத்துச் சொல்ல எந்தப் பிள்ளைக்கு முடியும்? நான்கும் சேர்ந்து "வலி" என்ற ஒரே சொல்லாகிவிடும். தைரொயிட் குறைபாடு ஆண்களைவிடப் பெண்களைப் பலமடங்கு அதிகமாகத் தாக்குகின்றது என்பதையும், பிள்ளைப்பேற்றின் பின் வரும் மாதங்களிலும் அது தலைகாட்டலாம் என்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, இந்த ஏற்பாட்டினால் மிக அதிகமாக நட்டமடைவோர் எமது தாய்மாரும் சகோதரிகளுமே என்பது விளங்கும். நோர்வேயில் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையிலுள்ள மொழிபெயர்ப்புச் சட்டம், பொதுச் சேவைகளில் பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராகப் பயன்படுத்துவதைச் சில விதிவிலக்குகள் தவிர்த்துத் தடைசெய்கின்றது. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவையிலும் மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். நேர ஒழுங்கு செய்யும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது" என்று கேட்பதற்கு நாம் பழகிக்கொள்ளவேண்டும். அதைக் கேட்பது இரத்தல் ஆகாது.

அகதி விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருப்போரின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்கள் எந்த நோவைச் சொன்னாலும் "கவலையினால் வருவது" என்ற பதிலே முதலில் கிடைக்கின்றது. கவலை உடலை நோகச்செய்யும் என்பது உண்மைதான். ஆனால் தைரொயிட் குறைபாடும் மனச்சோர்வைப் போலவே தோற்றமளிக்கும் என்பதும் உண்மையே. ஒரு குருதிப் பரிசோதனை செய்யாமல் ஒன்றை மற்றொன்றாக முடிவுகட்டுவது நியாயமன்று. இன்னுமொரு சாரார் தடுப்பிலும் முகாமிலும் அடிக்கப்பட்டு, கட்டித் தொங்கவிடப்பட்டு வந்தவர்கள். அவர்களது முதுகு நோவுக்கு வேறு வரலாறு உண்டு. அதனை வைத்தியரிடமும் சட்டத்தரணியிடமும் மறைக்காமல் சொல்லவேண்டும். சித்திரவதையின் அடையாளங்களை மருத்துவரீதியாகப் பதிவுசெய்வதற்கென்றே இஸ்தான்புல் நெறிமுறை என்ற கையேடு 1999இல் ஐக்கிய நாடுகள் சபையிடம் கையளிக்கப்பட்டு 2022இல் திருத்தி வெளியிடப்பட்டுள்ளது. ஒரே உடலில் இரண்டு காரணங்களும் இருக்கலாம் என்பதையும் மறக்கலாகாது. அடிபட்ட முதுகு உடையவருக்கும் தைரொயிட் பழுதாகலாம்.

பரிசோதனையோ மிக எளிது. மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி, ரி.எஸ்.எச். எனப்படும் ஓமோனை அனுப்பித் தைரொயிட் சுரப்பியை வேலைவாங்குகின்றது. சுரப்பி சோர்ந்துவிட்டால் கபச்சுரப்பி மேலும் மேலும் அதட்டும், ரி.எஸ்.எச். அளவு உயரும். கையில் எடுக்கும் சிறிதளவு குருதியில் இதனை அளந்துவிடலாம். அத்துடன் தைரொக்சினின் அளவும் பார்க்கப்படும். சுரப்பியை உடலின் எதிர்ப்புச் சக்தியே தாக்கி அழிக்கும் வகை, 1912இல் அதனை விபரித்த ஜப்பானிய வைத்தியர் ஹக்கரு ஹஷிமோட்டோவின் பெயரைத் தாங்கியுள்ளது. இந்நாடுகளில் தைரொயிட் குறைபாட்டுக்கு மிகப் பொதுவான காரணம் அதுவே. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவர்களுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஊரில் அம்மாவுக்குக் கழலை இருந்தது என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எனினும், கடுதாசியில் ஒரு எண் சற்று உயர்ந்திருந்தால் நாரி நோவின் மர்மம் துலங்கிவிட்டது என்று துள்ளுவதும் தவறு. ரி.எஸ்.எச். சிறிதளவு உயர்ந்து, தைரொக்சின் வழமையான அளவில் இருக்கும் நிலை பலரிடம் உண்டு. அத்தகைய 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் ஐரோப்பாவில் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஆய்வொன்றில், தைரொக்சின் குளிசை எடுத்தவர்களுக்கும் வெறும் குளிசை எடுத்தவர்களுக்கும் சோர்விலோ நோய்க்குறிகளிலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. எனவே சிகிச்சை வேண்டுமா என்பதை வயது, கர்ப்பம், நோய்க்குறிகள், அளவு என்பன பார்த்து வைத்தியரே முடிவுசெய்யவேண்டும். சிகிச்சை தொடங்கி ரி.எஸ்.எச். சீரான பின்னரும் சில மாதங்களாக நாரி நோ மாறவில்லையென்றால் வேறு காரணத்தைத் தேடும்படி கேட்கவேண்டும்.

குறைபாடு உறுதியானால் மருந்து உண்டு, அது மலிவானதும்கூட. இங்கிலாந்து வைத்தியரான ஜோர்ஜ் மரே 1891இல் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை ஊசிமூலம் ஏற்றி ஒரு பெண்ணைக் காப்பாற்றினார். அப்பெண் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். இன்று அந்தச் சாற்றின் இடத்தைச் செயற்கைத் தைரொக்சின் குளிசை பிடித்துள்ளது. ஆனால் அதனை எடுக்கும் முறையில் எம்மவர் வீடுகளில் பிழை நேர இடமுண்டு. வெறும் வயிற்றில், தண்ணீரோடு, காலை உணவுக்கு அரை மணிநேரம் முதல் ஒரு மணிநேரம் முன்பு எடுக்கவேண்டும். எழும்பியவுடன் குடிக்கும் பால்தேநீரோடோ கோப்பியோடோ விழுங்கினால் மருந்து சரிவர உடலில் சேராது. இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியக் குளிசையும் எடுப்போர் நான்கு மணிநேர இடைவெளி விடவேண்டும். பலன் ஒரே நாளில் தெரியாது. ஆறு முதல் எட்டு வாரங்களின் பின்னர் மறுபடி குருதி சோதித்து அளவைச் சரிசெய்வார்கள். தசைகள் தேறுவதற்கு மாதங்களும் செல்லலாம். கர்ப்பம் தரித்தவுடன் வைத்தியருக்கு அறிவிப்பது மிக முக்கியம். முதல் மாதங்களில் சிசுவின் மூளை வளர்ச்சி தாயின் தைரொக்சினையே நம்பியிருக்கின்றது.

"அவவுக்குச் சுகம் வந்தது, நீயும் போட்டுப் பார்" என்று பக்கத்து வீட்டார் கொடுக்கும் குளிசையைப் போடுவது ஆபத்தானது. அளவுக்கு மிஞ்சிய தைரொக்சின் இதயத் துடிப்பைக் குழப்பும்; காலப்போக்கில் எலும்பைத் தேய்க்கும். நாரி நோவுக்கென்று எடுத்த மருந்தே முள்ளந்தண்டை நொறுங்கச் செய்யும் நிலை வரலாம். அயடீன் குறைவுதான் காரணம் என்று எண்ணிக் கடற்பாசிக் குளிசைகளை வாங்கி விழுங்குவதும் நல்லதன்று. சுவிற்சர்லாந்து ஒருகாலத்தில் கழலை நோய்க்குப் பெயர்போன நாடாக இருந்தது. 1922 முதல் உப்பில் அயடீன் சேர்த்ததன் மூலம் அந்நோயை அது பெருமளவில் ஒழித்தது. ஆனால் சுரப்பியே பழுதாவதால் வரும் குறைபாட்டை மேலும் அயடீன் சேர்த்து மாற்ற முடியாது. ஹஷிமோட்டோ நோயாளரிடம் அது நிலைமையை மோசமாக்கவும் கூடும்.

தைரொயிட் தவிர வேறு சில காரணங்களையும் எம்மவர் மறக்கக்கூடாது. கறுத்த தோலுடைய நாம் வெயில் குறைந்த வடநாடுகளில் வாழ்வதால் விற்றமின் டி குறைந்து, எலும்பு மெலிந்து, நாரியும் இடுப்பும் நோவது உண்டு. பிரித்தானிய சுகாதாரத் துறை, கறுத்த தோலுடையோர் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் விற்றமின் டி எடுப்பது பற்றிச் சிந்திக்குமாறு கூறுகின்றது. கொலஸ்ரோலுக்கு எடுக்கும் ஸ்ரற்றின் வகைக் குளிசைகள், கண்டுபிடிக்கப்படாத தைரொயிட் குறைபாடு உள்ளவர்களிடம் தசைநோவை அதிகரிக்கலாம். காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைதல் ஆகியவற்றோடு வரும் முதுகு நோவு, முள்ளந்தண்டைத் தாக்கும் காசநோயாகவோ வேறு கடும் நோயாகவோ இருக்கலாம். கால்கள் திடீரெனப் பலவீனமடைதல், மலசலம் கட்டுப்பாடின்றிப் போதல் அல்லது சலம் போகாமல் அடைத்தல், இருக்கும் பகுதி விறைத்தல் ஆகியன தோன்றினால் விடியும்வரை காத்திராமல் உடனடியாக வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

"எமக்கு இன்னும் கடுதாசி கிடைக்கவில்லை, எப்படிப் போவது?" என்று தயங்குவோர்க்கு ஒரு வார்த்தை. ஜேர்மனியில் 1993 முதல் நடைமுறையிலுள்ள புகலிடக் கோரிக்கையாளர் உதவிச் சட்டம் மருத்துவ உதவியை மட்டுப்படுத்தியபோதிலும், கடும் நோய்களுக்கும் வலிகளுக்கும் சிகிச்சை வழங்கவேண்டும் என்று கூறுகின்றது. வலி என்ற சொல் சட்டத்திலேயே இருக்கின்றது. இங்கிலாந்தில் குடும்ப வைத்தியரிடம் பதிவுசெய்வதற்கு வதிவிட அனுமதியைக் காட்டவேண்டியதில்லை. தைரொக்சின் தொடர்ந்து எடுக்கவேண்டியவர்கள் அங்கு மருந்துக் கட்டண விலக்குச் சான்றிதழும் பெறலாம். ஒவ்வொரு நாட்டிலும் விதிகள் வேறுபடுகின்றன. அவை மாறவும் செய்கின்றன. உங்கள் நாட்டில் இன்று உள்ள விதியை அகதிகள் ஆலோசனை நிலையத்தில் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

எமது பொது அமைப்புகளிடம் எமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கலைவிழாவுக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் மண்டபம் எடுக்கும் நாம், ஆண்டுக்கு ஒரு தடவையாவது தமிழ் வைத்தியர்களையும் தாதியரையும் அழைத்து ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கமுடியாதா? நோய்க்குறிகளைத் தமிழிலும் அந்தந்த நாட்டு மொழியிலும் ஒரே தாளில் அச்சிட்டுத் தமிழ்ப் பாடசாலைகளிலும் கோவில்களிலும் தேவாலயங்களிலும் வைக்கலாம். உள்ளதற்கு நேரே அடையாளமிட்டு வைத்தியரிடம் நீட்டினால், வெட்கத்தில் விழுங்கப்படும் சொற்களை அந்தத் தாள் சொல்லிவிடும். கணவன்மாருக்கும் ஒன்று: மனைவி சோர்ந்து படுத்திருந்தால் அதைச் சோம்பல் என்று பெயரிடுமுன், எத்தனை மாதமாக அவர் அப்படியிருக்கிறார் என்று எண்ணிப் பாருங்கள்.

நாரி நோவுடைய எல்லோருக்கும் தைரொயிட் குறைபாடு இருக்கப்போவதில்லை. பெரும்பாலோர்க்கு இராது. ஆனால் இருக்கும் ஒருவர், வாழ்நாள் முழுவதும் முனகிக்கொண்டு, வேலையை இழந்து, வீட்டாரின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு வாழவேண்டியதில்லை. அவருக்கும் சுகத்துக்கும் இடையில் நிற்பது ஒரு குருதிப் பரிசோதனையும், அதைக் கேட்பதற்கான நாலு வார்த்தைகளும்தான். அடுத்த தடவை வைத்தியரிடம் போகும்போது நாரியை மட்டும் கொண்டுபோகாதீர்கள். குளிரையும் சோர்வையும் மலச்சிக்கலையும் மனப்பாரத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூடவே கொண்டுபோங்கள்.